இரண்டாம் இடத்துப் பாட்டும் முப்பத்தெட்டு கார்டுகளும்

"ஐப்பசி 12, செவ்வாய். ஐயா, இந்த வாரம் விசில் பாட்டை முதல் இடத்தில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தோட்டத் தொழிலாளி, மேல் லயம், மூன்றாம் வீடு."

என் முன்னால் இருக்கும் ஒரு தபால் கார்டில் இப்படி எழுதியிருக்கிறது. எழுத்து என்னுடையது. அப்போது எனக்குப் பதினோரு வயது. எழுத்துக்குக் கீழே ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை இருக்கிறது. அது என்னுடையது அல்ல. முகவரி மதராஸில் ஒரு தபால் பெட்டி எண். அஞ்சல் முத்திரை இல்லை. வருஷமும் இல்லை. நாளையும் கிழமையையும் தவறாமல் போட்ட நான் வருஷத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். பதினோரு வயதில் உலகத்தில் ஒரே ஒரு வருஷம்தான் உண்டு என்று நினைத்திருப்பேன்.

கார்டில் பாட்டின் முதல் அடி முழுவதும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, தோட்டத்தில் நாங்கள் வைத்த பெயரை இங்கே போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டை எழுதியவர் யார் என்பதில் இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்கிறார்கள். தீராத விஷயத்தை அச்சில் ஏற்றுவதில்லை என்று இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் இந்தக் கதையில்தான் இருக்கிறது.

இதே நாள் போட்ட கார்டுகள் மொத்தம் முப்பத்தெட்டு. சணல் கயிற்றால் கட்டி, அப்பாவின் தகரப் பெட்டியில், அவருடைய பள்ளிச் சான்றிதழுக்கு அடியில் இருந்தன. அப்பா காலமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்து வானொலி. இந்தப் பக்கத்துக்காரர்கள் கார்டு போட மதராஸில் ஒரு முகவரி. வாரத்துக்குப் பத்துப் பாட்டு. எந்தப் பாட்டுக்கு அதிகக் கார்டு வந்ததோ அது முதல் இடம். அறிவிப்பாளர் பத்தாவதிலிருந்து ஏறி வருவார். முதல் இடத்துக்கு முன்னால் ஒரு விளம்பரம் போடுவார். அது முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, நினைவிருக்கிறதா?

முதல் இடம் பிடித்த பாட்டுகளை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பாடுகிறார்கள். எனக்கு அவற்றின் மேல் பெரிய பிரியம் இல்லை. இரண்டாம் இடத்திலேயே நின்று, பிறகு நான்கு, ஏழு என்று இறங்கி, ஒரு வெள்ளிக்கிழமை பெயரே சொல்லப்படாமல் போன பாட்டுகள்தான் என் நோட்டில் இருக்கின்றன. அக்கார்டியனில் தொடங்கி, பாடகர் வாயைத் திறப்பதற்குள் பாதி நேரம் போய்விடும் பாட்டு ஒன்று. பின்னால் நிஜ ரயில் ஓடும் பாட்டு ஒன்று. தாலாட்டா காதலா என்று கடைசிவரை பிடிபடாத ஒன்று. ஒவ்வொன்றும் ஏன் தோற்றது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. பாலக்காட்டில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் ராவுத்தரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"மேடம், கார்டு எண்ணினத நீங்க கண்டீங்களா, நான் கண்டேனா? மொத எடம் எப்பவும் முன்னாடியே முடிவாயிருக்கும். ஜனங்க நெசமா போட்ட கார்டுக்கு அவங்க குடுத்ததுதான் ரெண்டாம் எடம்."

ஆதாரம் கேட்டேன். "ஆதாரம் இருந்தா நான் ஏன் கடை வச்சிருக்கேன்?" என்றார்.

விசில் பாட்டுக்கு வருகிறேன். படம் வெளிவரவே இல்லை, இசைத்தட்டு மட்டும் வந்தது. ஒரு ஆண் விசிலடிப்பார், ஒரு பெண் அதற்குப் பாட்டால் பதில் சொல்வார். இரண்டாவது சரணத்தில் விசில் ஒரு இடத்தில் பிசகிவிடும். பாடுகிற பெண் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே செய்ததா, தவறா என்று எங்கள் தோட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க விவாதம் நடந்தது.

எங்கள் தோட்டம் வண்டன்மேட்டுக்கு மேற்கே இருந்தது. அப்பா அங்கே ஆபீஸ் ரைட்டர். வானொலிப் பெட்டி ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தது. உலையைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ஸ்டோர்க்காரர் என்றே கூப்பிட்டோம். ரேடியோ மன்றத்துக்கும் அவர்தான் செயலாளர். வெளியே ஐப்பசி மழை ஊற்ற, உள்ளே விறகுச் சூடும் பச்சைக் காய் வேகும் வாசமும் மூக்கை அடைக்கும். ஏரியல் கம்பியைப் பலா மரத்தில் கட்டியிருந்தார்கள். காற்றடித்தால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள் போய்விட்டு வருவார். அது எப்போதும் இரண்டாம் இடத்துக்கும் முதல் இடத்துக்கும் நடுவில்தான் நடந்தது. அதிலும் ஏதோ சூது இருப்பதாக ஸ்டோர்க்காரர் நம்பினார்.

மன்றத்தின் சார்பில் வாராவாரம் நான்தான் கார்டு எழுதினேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, என் எழுத்து உருண்டையாக இருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு கார்டு. விசில் பாட்டு நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. நான்காம் வாரம் ஸ்டோர்க்காரர் உலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"ஒரே கையெழுத்துல இத்தன கார்டு போனா எவன் நம்புவான்? ஒருத்தனே உக்காந்து எழுதுறான்னு மொத்தமாத் தூக்கிப் போட்டுருவான்."

"அப்ப ஆளாளுக்கு எழுதச் சொல்லுங்க," என்றார் ஒருவர்.

"எழுதத் தெரிஞ்சா இந்தப் பாப்பாவ எதுக்குய்யா கெஞ்சுறோம்? ஒண்ணு செய்வோம். ஆளுக்கு ஒரு கைநாட்டு வச்சிருவோம். ரேகை ஒருத்தருக்கு இருக்குறாப்புல இன்னொருத்தருக்கு இருக்காதுல்ல. அப்ப எப்படித் தள்ளுவான்?"

தோட்டத்தில் கைநாட்டு இல்லாத காகிதம் செல்லாது. மழைக்குக் கம்பளி வாங்கினாலும் டிஸ்பென்சரியில் மருந்து வாங்கினாலும் பெருவிரலை அழுத்த வேண்டும். ஆகவே யோசனை எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. காய் எடுக்கும் பெண்களில் ஒருத்தி மட்டும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கம்பளிக்குக் கைநாட்டு, மருந்துக்குக் கைநாட்டு, இப்பப் பாட்டுக்குமா? இனிமே புருசங்கூடப் பேசுறதுக்கும் கேப்பீக போல."

மைப்பெட்டிக்கு எங்கே போவது? அப்பா மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் ஆபீஸ் மேசையிலிருந்து நான் எடுத்துக்கொண்டு போனேன். ஊதா மை. முப்பத்தெட்டு பெருவிரல்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இனி தப்பால்காரர். எங்கள் பக்கத்தில் தபாலைத் தப்பால் என்றுதான் சொல்வார்கள். காலையில் லயங்களைச் சுற்றிக் கடிதங்களை வாங்கி ஆபீஸ் மேசையில் வைப்பார். அப்பா அவற்றைக் காக்கிப் பையில் போட்டுப் பித்தளைப் பூட்டால் பூட்டுவார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவிடம், ஒன்று தபாலாபீசில். தப்பால்காரர் பையைச் சுமப்பார், அவ்வளவுதான். நிழல் மரம் கவாத்து செய்தபோது கிளை விழுந்து ஒரு கால் நசுங்கியவர். சரிவில் நின்று வேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு இந்த நடை வேலையைக் கொடுத்திருந்தார்கள். வேலை இருந்தால் லயத்தில் வீடு, இல்லாவிட்டால் இல்லை.

அவருக்கு முதல் இடத்துப் பாட்டுதான் பிடிக்கும். அல்லது எங்களை வம்புக்கிழுக்க அப்படிச் சொல்வார். மோசமான குரலில் அதைப் பாடிக்கொண்டே ஏற்றம் ஏறுவார். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கார்டுக் கட்டை நீட்டியபோது கைநாட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரைட்டர் பாப்பா, விரலை வச்சாலும் சரி, காலை வச்சாலும் சரி, இந்த வாரமும் உங்க பாட்டு ரெண்டாமிடந்தேன். எழுதி வச்சுக்க."

நான் எழுதி வைத்துக்கொண்டேன். நாள், கிழமை, காலை எட்டரை மணி, அவர் சொன்ன வாக்கியம் வார்த்தைக்கு வார்த்தை. பாட்டுக் கணக்கு எழுதும் அதே நோட்டில்தான்.

ஐப்பசி 15, வெள்ளி. ஸ்டோரில் நிற்க இடமில்லை. அறிவிப்பாளர் மூன்றாவது பாட்டைப் போட்டார். பிறகு, "மிகச் சில கார்டுகள் வித்தியாசத்தில் முதல் இடத்தைத் தவறவிட்ட பாடல்" என்றார். விசில் தொடங்கியது. எத்தனை கார்டு என்று அவர் சொல்லவில்லை. அந்த வாரம் இரண்டாம் சரணத்துச் சிரிப்புக்கு யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"மிகச் சில கார்டு," என்றார் ஸ்டோர்க்காரர். "முப்பத்தெட்டு போயிருந்தா எப்படிக் கொறையும்? போகல. நம்ம கார்டு போகல."

தப்பால்காரரும் அங்கேதான் கதவோரம் நின்றிருந்தார். "என்னண்ணே, எங்க கார்ட வச்சு வெந்நி போட்டுக் குளிச்சீகளா?" என்று யாரோ கேட்டார்கள். முதலில் அது கேலிதான். அவரும் சிரித்தார். "நாந்தேன் செவ்வாக்கெழமையே சொன்னேன்ல," என்றார்.

ஸ்டோர்க்காரர் திரும்பினார். "என்ன சொன்ன?"

என்னிடம் நோட்டு இருந்தது. கேட்காமலே எடுத்துப் படித்தேன். நாள், கிழமை, மணி எல்லாம் சேர்த்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் குரலில் படித்தேன். ஸ்டோர்க்காரர் தப்பால்காரருக்கு முன்னால் போய் நின்றார்.

"வெள்ளிக்கெழம வரப்போறது செவ்வாக்கெழம உனக்கெப்படித் தெரியும்?"

"வெளாட்டுக்குச் சொன்னேம்ப்பா. வாராவாரம் சொல்றதுதேன்."

"வாராவாரம் சொன்ன. வாராவாரம் அப்படியே நடந்துச்சு. அதத்தேன் கேக்குறேன்."

"நான் கட்ட ஆபீசு மேசையில வச்சேன். பூட்டுச் சாவி என்கிட்டயா இருக்கு?"

"அப்ப ரைட்டரய்யாவையா சொல்ற?"

அப்பாவைக் கூட்டிவர ஆள் போனது. அவர் குடையை மடக்காமலே வாசலில் நின்றார். "மேசைக்கு வந்ததெல்லாம் பைக்குள்ள போயிருச்சு," என்றார். தப்பால்காரர் அப்பாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்ததாக எனக்கு நினைவு. ஆனால் நினைவு நேரத்தை இழுத்துவிடும், அதை நான் நம்புவதில்லை. பிறகு, "ரைட்டரய்யா சொன்னா சரியாத்தேன் இருக்கும்," என்றார்.

அப்பா சொன்னதையும் நோட்டில் எழுதினேன். நாள் போட்டு, அடிக்கோடிட்டு. இன்றைக்கும் இருக்கிறது.

மன்றம் தோட்ட மேனேஜர் துரையிடம் பராதி கொடுத்தது. தப்பால் ஆள் தபாலில் கை வைக்கிறார் என்பது குற்றச்சாட்டு. ஏலக்காட்டுக்குள் எங்கேயோ கார்டுக் கட்டை வீசியிருப்பார் என்று இரண்டு நாள் ஆட்கள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் அவருக்கு எதிராகவே போனது, எவ்வளவு கெட்டிக்காரன் பார் என்றார்கள். அவரைக் களை வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். மாற்றல் உத்தரவை அப்பாதான் ஆங்கிலத்தில் அடித்தார். நசுங்கிய காலோடு அந்தச் சரிவில் அவரால் சில நாள்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது. கார்த்திகை பிறந்து நாலாம் நாள் காலை, அவரும் மனைவியும் மகளும் காய் ஏற்றும் ஜீப்பில் பாத்திரங்களோடு போடிக்கு இறங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த மகள் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. ஜீப் கிளம்பும்போது அவள் ஒரு அலுமினியக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், குடத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசில் பாட்டு அடுத்த வாரம் நாலாம் இடம், அதற்கடுத்து ஏழாம் இடம், பிறகு இல்லை. நான் வளர்ந்து ரிஜிஸ்தர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷம் பிறர் பெருவிரலை மையில் அழுத்தி ஓய்வுபெற்றேன். அத்தனை வருஷமும் தப்பால்காரர்தான் எங்கள் பாட்டைத் தோற்கடித்தவர் என்று நம்பியிருந்தேன். என் நோட்டில் எழுத்து மூலமான சாட்சியம் இருந்தது அல்லவா?

தகரப் பெட்டியில் கிடைத்த கட்டை அம்மாவின் முன்னால் வைத்தேன். அம்மாவுக்கு இப்போது தொண்ணூறை ஒட்டிய வயது, காது மட்டும் கூர்மை.

"எதுக்கு இதக் கெளறுற?"

"இது எப்படிம்மா அப்பாகிட்ட?"

"மை யாரு மை? ஆபீசு மை. எடுத்துட்டுப் போனது யாரு? நீ." அம்மா ஒரு கார்டைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "அந்த வாரம் ஸ்ட்ரைக்குப் பேச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. தப்பால் பைய தொரையே தெறந்து பாத்தாரு. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நாப்பது கைநாட்டுன்னா என்னன்னு மட்டும் தெரியும். ஆபீசு மையில, மதராசுக்கு, நாப்பது கைநாட்டு. ஸ்ட்ரைக் மனுன்னுதேன் நெனப்பாரு, பாட்டுக்குன்னா நம்பியிருப்பாரா? உங்கப்பா எடுத்துச் சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு வந்துட்டாரு."

"தப்பால்காரரைப் பிடிச்சப்பவாவது சொல்லியிருக்கலாமே."

அம்மா கையிலிருந்த கார்டைக் கட்டோடு சேர்த்து வைத்தார். "சொல்லிரணும்னுதேன் ரெண்டு நாளு சாப்பிடல. மூணாம் நாளு சாப்பிட்டாரு."

தப்பால்காரர் இறந்துவிட்டார் என்றும், மகள் போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கிறார் என்றும் விசாரித்ததில் தெரிந்தது. கார்டுகளோடு போனேன். செக்போஸ்டைத் தாண்டி, பனிக்குள் வண்டிகள் விளக்குப் போட்டு நிற்கும் வளைவில் கடை. நான் யார் என்று சொன்னதும் அவர் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"ரைட்டர் மகளா? என்ன, எடத்துப் பிரச்சினையா? ஒப்பு, கையெழுத்தெல்லாம் போட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்கு வரலைக்கா." விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு கட்டை வாங்கினார். ஒவ்வொரு கார்டாகத் தள்ளிக்கொண்டே போனார். பாட்டைப் படிக்கவில்லை, விலாசத்தை மட்டும் பார்த்தார். ஒன்றில் நின்றார். மேல் லயம், கடைசி வீடு.

"இது எங்கம்மா வெரலு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஒரு வீட்டையும் விடாமல் நான் எழுதினேன். தப்பால்காரர் மனைவியின் கைநாட்டும் அந்தக் கட்டில் இருந்தது. சொந்த மனைவியின் கார்டையும் சேர்த்தா ஒருவர் காட்டுக்குள் வீசுவார்? அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோரில் இருந்த யாரும் இதைக் கேட்கவில்லை. கார்டு எழுதிய நானும் கேட்கவில்லை. அந்தக் கார்டை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"உங்கப்பாவுக்கு உண்மை தெரியாமலே போயிருச்சேக்கா," என்றேன்.

"யாரு சொன்னா தெரியாதுன்னு? அன்னைக்கே தெரியும். தப்பாலாபீசுல பையத் தெறந்தப்பவே கட்டக் காணோம். சாவி ரெண்டே ரெண்டு. கணக்குப் போடத் தெரியாதா அவருக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"யார்கிட்ட?" முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். "பராதி குடுத்தா அத எழுதுறதே உங்கப்பாதேன்."

ஒரு லாரிக்காரர் இரண்டு டீ கேட்டார். கொடுத்துவிட்டு வந்து, என் பக்கம் திரும்பாமல், பாய்லருக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "கட்டு இல்லன்னு தெரிஞ்சதும், புள்ளைக ஏமாந்துருமேன்னு, அங்கனயே ஒரு கார்டு வாங்கி உங்க பாட்டப் பேரெழுதிப் போட்டுட்டுத்தேன் வந்தாராம். சாகுறவரைக்கும் சொல்லுவாரு."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, குத்துவதற்காகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது. சரிபார்க்க முயன்றேன். அந்த நாளில் தபாலாபீசில் இருந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. வானொலிக்கு வந்த கார்டுகளை வாரம் முடிந்ததும் என்ன செய்தார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. தப்பால்காரர் அப்படி ஒரு கார்டு போட்டார் என்பதற்கு அவர் மகளின் வாய்மொழியைத் தவிர வேறு ஆதாரம் கிடைக்கவில்லை. எனவே இதைச் சரிபார்க்கப்படாத தகவலாகவே பதிகிறேன். உண்மையாக இருந்தால், அந்த வாரம் எங்கள் தோட்டத்திலிருந்து விசில் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே கார்டு அவருடையது.